முதலில் தரையைப் பாருங்கள்

(மாடு வளர்ப்போரும் நாய், பூனை வளர்ப்போரும் கூடியிருந்த அவையில் கால்நடை அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, நவீன கால்நடை மருத்துவமனையின் வசதிகளும் கருவிகளும். எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன், லேசர் என்று பெரிய இயந்திரங்களின் படங்களைத் திரையில் காட்டுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். திரையும் இல்லை, படமும் இல்லை. மருத்துவமனைக்குள் நடந்தே போய்ப் பார்ப்போம். வாசல் கேட்டில் நுழைந்து, பின்பக்கத்து போஸ்ட்மார்ட்டம் கூடம் வரைக்கும்.

போகும்போது ஒரு கேள்வியைக் கூடவே எடுத்துக்கொள்வோம். மனித மருத்துவமனை சில விஷயங்களைக் கேட்காமலே நம்பிக்கொள்கிறது. நோயாளி சொன்னால் படுப்பார். மூச்சை இழுத்துப் பிடி என்றால் பிடிப்பார். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். ஊசி போடுகிறவரைக் கடிக்க மாட்டார். எங்களிடம் வருபவர்களுக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. காலையில் கதவைத் திறந்ததும் முப்பது நாற்பது கிராம் எடையில் ஒரு லவ்பேர்ட்ஸ் குஞ்சு வரும். பின்னாலேயே நாலு கிலோ பூனை. பத்து மணிக்கு நானூறு கிலோ கலப்பினப் பசு. கோயில் ஊராக இருந்தால் எப்போதாவது மூன்று டன் யானை. பூனையின் இதயம் நிமிடத்துக்கு 140 முதல் 220 தடவை அடிக்கும். யானையின் இதயம் முப்பதை ஒட்டித்தான் அடிக்கும். ஆகவே எந்த அறையைப் பார்த்தாலும், எந்தக் கருவியைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது இந்த உடம்புக்கும் இந்த மிரட்சிக்கும் ஏற்றபடி செய்ததா, அல்லது மனித மருத்துவமனையில் கழித்துவிட்டதைக் கொண்டுவந்து வைத்ததா?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் லியோன் நகரத்தில் 1761இல் குளோட் பூர்ழெலா தொடங்கிய பள்ளியோடுதான் இந்தத் தொழிலுக்கு முறையான கல்வி வந்தது. வெக்கை நோய் ஐரோப்பாவின் மாடுகளை வாரிக்கொண்டுபோன காலம் அது. (அந்த நோயை 2011இல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டோம். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான். இதைக் கொண்டாட ஏனோ அதிகம் பேருக்குத் தோன்றவில்லை.) சென்னையில் 1903இல், வேப்பேரி டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில் 20 மாணவர்களோடு கல்லூரி தொடங்கியது. அந்தக் காலத்து நோயாளிகள் பெரும்பாலும் குதிரையும் மாடும். இன்று அதே வேப்பேரியில் நாயும் பூனையும் வரிசைகட்டி நிற்கின்றன. அதனால் இன்றைக்கு நல்ல கால்நடை மருத்துவமனை என்பது ஒரே மதிலுக்குள் இரண்டு மருத்துவமனை. ஆய்வகமும் மருந்தகமும் மட்டும்தான் இரண்டுக்கும் பொது. மற்றதெல்லாம் தனித்தனியாக இருந்தாக வேண்டும்.

இப்போது கேட்டுக்கு வருவோம். வண்டியிலிருந்து மாட்டை இறக்க ஒரு மேடை இருக்கிறதா என்று பாருங்கள். வண்டித் தட்டின் உயரத்துக்கு ஒரு பக்கம், தரையோடு சரிந்து இறங்க மறுபக்கம். சிமெண்ட் வேலை தெரிந்த கொத்தனார் இரண்டு நாளில் கட்டிவிடுவார். அது இல்லாத இடத்தில், ஒரு காலில் அடிபட்டுக் 'குட்டியானை' வண்டியில் வந்த மாடு குதித்து இறங்கி இன்னொரு காலையும் முறித்துக்கொள்ளும். எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்.

அடுத்து தரை. புதுக் கட்டடம் கட்டுகிறவர்களுக்குப் பளபளப்பின்மேல் ஒரு மோகம் இருக்கிறது. திறப்பு விழா அன்று முகம் தெரிகிற மாதிரி டைல்ஸ் பதித்து வைப்பார்கள். பசுவின் குளம்பு அதில் நிற்காது. பின்னங்கால்கள் பக்கவாட்டில் அகன்று விழுந்தால் தொடையின் உள்தசை கிழியும், இடுப்பு மூட்டு நழுவும், அதற்குமேல் அந்த மாடு எழுந்திருப்பது அபூர்வம். சாதாரணக் காய்ச்சலுக்கு வந்த மாடு தரையால் சாகலாம் என்பதை ஒப்பந்தக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நாய்க்கும் அப்படித்தான். கால் வழுக்கினால் உடனே பயம் வரும். பயந்த நாய் கடிக்கும். மாட்டுப் பக்கம் கோடு கீறிய கான்கிரீட்டும் மேலே தடித்த ரப்பர் விரிப்பும் வேண்டும். நாய்ப் பக்கம் சொரசொரப்பான எபாக்சி பூச்சு. சுவரும் தரையும் சேரும் மூலை வளைந்திருக்க வேண்டும், கழுவும்போது அழுக்கு தங்காமல் வர. வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள். தொற்றுநோய் வார்டைக் கழுவிய தண்ணீர் மற்ற வார்டின் வழியாகப் போனால் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண்.

தரைக்கு அடுத்தது எடைமேடை. இதைக் கருவி என்றே பலர் நினைப்பதில்லை. எங்களிடம் ஒவ்வொரு மருந்தும் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கு. கண்ணால் பார்த்து 'ஒரு முந்நூறு கிலோ இருக்கும்' என்று ஊசியை நிரப்புவது சில மருந்துகளில் தப்பிக்கலாம். மயக்க மருந்தில் முடியாது. அதிலும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. சைலசின் என்றொரு மருந்து. குதிரையைச் சாந்தப்படுத்த ஒரு கிலோவுக்கு எவ்வளவு தேவையோ, அதில் பத்தில் ஒரு பங்கு போதும் மாட்டுக்கு. குதிரையின் அளவை மாட்டுக்குப் போட்டால் மாடு போய்விடலாம்.

பிறகு, மாட்டை நிறுத்திக் கட்டும் இரும்புச் சட்டம். டிராவிஸ் என்று சொல்வோம். கிராமத்துக் கால்நடை மருந்தகங்களில் வாசலிலேயே நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நூறு வருடமாக வடிவம் பெரிதாக மாறவில்லை, மாற அவசியமும் இல்லை. குழாய்கள் உருண்டையாக, முனை கூராக எதுவும் நீட்டாமல், மாடு விழப்போனால் பக்கக் கம்பியைச் சட்டென்று கழற்றிவிடும் வசதியோடு இருக்க வேண்டும். இந்தக் கடைசி வசதி பல இடங்களில் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். நீங்களே இழுத்துப் பாருங்கள், மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காத்திருக்கும் கூடத்தைப் பற்றிப் பூனை வளர்ப்பவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. பூனைக்கு வேறு வாசல், வேறு பெஞ்சு வேண்டும். கூண்டைத் தரையில் வைக்காமல் மேலே வைக்க ஒரு தட்டு வேண்டும். எதிரே ஒரு ராஜபாளையம் நாய் உறுமிக்கொண்டிருந்தால் உள்ளே பூனைக்கு எடுக்கும் நாடித்துடிப்புக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் பொருளே கிடையாது. பயத்தினாலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறும்.

இனி எக்ஸ்ரே. மூச்சைப் பிடிக்கச் சொல்ல முடியாத நோயாளியின் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்றால், ஒளி விழும் நேரம் ஒரு நொடியில் சிறு பகுதியாக இருக்க வேண்டும். அதற்குச் சக்தி வாய்ந்த ஜெனரேட்டர் உள்ள இயந்திரம் வேண்டும். பழைய கையடக்க இயந்திரத்தில் மாட்டின் காலை எடுக்கலாம். வயிற்றை எடுக்கவே முடியாது, கதிர் அவ்வளவு சதையைத் துளைத்து மறுபக்கம் வராது. இப்போது டிஜிட்டல் தகடு வந்துவிட்டது, படம் நொடிகளில் கணினியில் தெரிகிறது. இருட்டறையும் இரசாயனத் தொட்டியும் ஒழிந்தன; ஒருவரும் வருந்தவில்லை. ஆனால் யார் பிடிப்பது என்ற பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. நாயின் சொந்தக்காரரையே 'கொஞ்சம் பிடிச்சுக்கோங்க' என்று கதிருக்குள் நிறுத்துவது நம் ஊரில் சாதாரணம். ஈய உடுப்பு, ஈயக் கையுறை, கழுத்துக்குத் தைராய்டு காப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் உங்களைப் பிடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மணல் மூட்டையால் அணைத்து, தேவையானால் லேசான மயக்க ஊசி போட்டு, ஆள் வெளியே நின்று எடுப்பதுதான் சரியான முறை. எக்ஸ்ரே அறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். கால்நடை மருத்துவமனைக்கு விலக்கு கிடையாது.

அல்ட்ராசவுண்டு எங்கள் தொழிலை மாற்றிய அளவுக்கு வேறெதுவும் மாற்றவில்லை என்பது என் சொந்தக் கருத்து என்று நினைக்காதீர்கள், பண்ணைக்காரர்களே சொல்வது. கையை உள்ளே விட்டுச் சினை பார்க்கிற அனுபவசாலிக்குக்கூடப் பொதுவாக முப்பத்தைந்து நாற்பத்தைந்து நாள் ஆக வேண்டும். பலருக்கு இரண்டு மாதம். ஆசனவாய் வழியாகச் செலுத்தும் நீள ஆய்வுமுனை இருந்தால் 28, 30 நாளிலேயே கருவின் இதயத் துடிப்பைத் திரையில் காட்டிவிடலாம். சினை ஊசி போட்டுத் தங்காத மாட்டுக்கு அடுத்த பருவத்தைத் தவறவிடாமல் மறுபடி போடலாம். மாட்டுக்காரர் ஒருவருக்கு அது ஒரு மாதத் தீவனச் செலவு மிச்சம். கருவியோ சட்டைப் பையளவு பேட்டரியில் ஓடுகிறது.

சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் பற்றிக் கேட்பீர்கள். நொறுங்கிய இடுப்பெலும்புக்கும் மூக்குக்குள் வளரும் கட்டிக்கும் சி.டி. அருமையானது. தண்டுவடத்துக்கும் மூளைக்கும் எம்.ஆர்.ஐ. இரண்டுக்குமே பெரும்பாலும் நாய் முழு மயக்கத்தில் அசையாமல் கிடக்க வேண்டும், அதுவும் எம்.ஆர்.ஐ.யில் நெடுநேரம். ஆக, நல்ல மயக்கவியல் வசதி இல்லாத மருத்துவமனை எம்.ஆர்.ஐ. வாங்குவது மாட்டை வாங்காமல் வண்டியை மட்டும் வாங்குவது போல. இதற்குமேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆய்வகத்துக்குள் வாருங்கள், இங்கே கொஞ்சம் நிற்போம். மனித ஆய்வகத்தில் இரத்த அணுக்களை எண்ணும் தானியங்கி இயந்திரம் அணுவின் பருமனைப் பார்த்துத்தான் இது சிவப்பணு, இது தட்டணு என்று பிரிக்கிறது. மனிதச் சிவப்பணு ஏறக்குறைய ஏழரை மைக்ரான். நாயினுடையது ஏழு; ஓரளவு ஒத்துப்போகும். வெள்ளாட்டினுடையது மூன்றிலிருந்து நான்கு மைக்ரான்தான். மனிதனுக்கு அமைத்த இயந்திரத்தில் ஆட்டு இரத்தத்தை ஊற்றினால், சிவப்பணுக்களில் ஒரு பகுதியைத் தட்டணு என்று எண்ணித் தலைகீழான அறிக்கை தரும். கோழி, புறாவுக்கு இன்னும் வேடிக்கை. பறவைகளின் சிவப்பணுவுக்குள் உட்கரு உண்டு. இயந்திரம் அதை வெள்ளையணு என்று எடுத்துக்கொண்டு, உலகத்தில் எந்தக் கோழிக்கும் இருக்க முடியாத எண்ணை அச்சடித்துத் தரும். தெருமுனை மனித லேபில் கொடுத்து வாங்கிவரும் அறிக்கையை நாங்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அகம்பாவம் காரணமில்லை. இன வாரியாக அமைப்பு மாற்றக்கூடிய கால்நடை இயந்திரம் வேண்டும். அது இருந்தாலும் கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க ஓர் ஆள் வேண்டும். உண்ணி கடித்து வரும் பபீசியா, தைலீரியா, எர்லிக்கியா எல்லாம் அணுவுக்குள் ஒளிந்திருப்பவை. பல நேரம் அந்தக் கண்தான் முதலில் கண்டுபிடிக்கும். மடிநோய்க்கு நாலு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டும் ஒரு கரைசலும் போதும். பால் பிசுபிசுவென்று திரண்டால் நோய் உள்ளே இருக்கிறது. எந்த மருந்து கேட்கும் என்பதற்குத்தான் வளர்ப்புச் சோதனை தேவை. அந்தச் சோதனைக்குப் பாலை அனுப்பாமல் இருக்கிற எல்லா மருந்தையும் மடிக்குள் ஏற்றுவது நம்மிடையே பெருகிவிட்ட கெட்ட பழக்கம்.

அறுவை அரங்கு. நான் வேலை பார்த்தது இங்கேதான், ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டை அறுக்கும்போது பெரும்பாலும் நிற்க வைத்தே அறுக்கிறோம் என்றால் நகரத்துக்காரர்கள் திகைப்பார்கள். காரணம் அதன் வயிறு. முதல் அறையான ரூமன் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும், அதற்குள் நொதித்தல் ஓயாமல் நடக்கும். மாட்டை மயக்கிச் சாய்த்தால் வாயு வெளியேற வழியில்லாமல் உப்பி நுரையீரலை நசுக்கும். உள்ளிருப்பது தொண்டைக்கு எதுக்களித்து மூச்சுக்குழலில் இறங்கும். ஆகவே டிராவிஸில் நிறுத்தி, முதுகெலும்பின் ஓரம் நரம்புகள் வெளிவரும் இடங்களில் லிக்னோகெய்ன் போட்டு மரத்துப்போகச் செய்கிறோம். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடதுபக்கம் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே திறந்தால் நேராக ரூமன். மாடு அசைபோட்டுக்கொண்டே நிற்கும்.

அதற்குள்ளிருந்து என்ன எடுக்கிறோம் தெரியுமா? 2019 அக்டோபரில் சென்னைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆன அறுவை. செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சோற்றோடு முடிச்சுப் போட்டு வீசும் கேரி பையை மாடு முடிச்சோடு விழுங்குகிறது. அது செரிக்காது, கீழேயும் இறங்காது, ஒன்றோடொன்று பின்னிக் கயிறாகிவிடும். இதற்குத் தேவையான கருவிப் பட்டியல் ரொம்பச் சின்னது. வயிற்றின் விளிம்பைத் தோலோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு எஃகு வளையச் சட்டம், தோள்வரை நீளும் கையுறை, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கிருமி நீக்கிய கருவித் தொகுப்பு, சலிக்காத கை. முடிந்தபிறகு இன்னொன்று செய்ய வேண்டும், அது பல இடங்களில் விட்டுப்போகிறது. ரூமனைக் காலிசெய்யும்போது அதிலிருந்த நல்ல நுண்ணுயிர்களும் போய்விடுகின்றன. அவையில்லாமல் மாடு வைக்கோலைச் செரிக்க முடியாது. நல்ல ஆரோக்கியமான ஒரு மாட்டின் ரூமன் நீரை எடுத்து இதற்கு ஊற்ற வேண்டும். அதற்காகவே வயிற்றில் நிரந்தர மூடியோடு ஒரு மாட்டை வளாகத்தில் வைத்திருக்கும் மருத்துவமனைகள் உலகத்தில் உண்டு. அந்த மாட்டையும் நான் கருவிகளின் கணக்கில்தான் சேர்ப்பேன்.

ஆணியும் கம்பியும் வேறு கதை. கனமானவை ரூமனைத் தாண்டி அடுத்த அறையில் விழும். அதற்கு முன்னால் உதரவிதானம். அதை ஒட்டி இதயம். இடைவெளி சில அங்குலம். மாடு சுருங்கும் வயிற்றாலேயே கம்பியை இதயத்துக்குள் செலுத்திக்கொள்கிறது. முழங்கையை அகற்றி நிற்பது, சரிவில் இறங்க மறுப்பது, கழுத்துக்குக் கீழே நெஞ்சுப் பகுதி வீங்குவது, இவற்றைப் பார்த்தால் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள். மெட்டல் டிடெக்டரை வைத்துப் பார்ப்பது உண்டு, ஆனால் பல மாடுகளின் வயிற்றில் ஏதோ ஒரு இரும்பு சும்மா கிடக்கும். அது பீப் என்று சொல்லும், குத்துகிறதா என்று சொல்லாது. குத்துகிறதா என்பதற்கு எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் வேண்டும். வெளிநாடுகளில் விரல் நீளக் காந்தத்தை மாட்டுக்கு விழுங்கக் கொடுத்துவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருந்து ஆணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலிவான வழி, நம் பண்ணைகளிலும் பரவ வேண்டும்.

குதிரைக்கு முழு மயக்கம் தேவைப்படும்போது அரங்கமே மாறுகிறது. ஹைட்ராலிக் மேசை, கூரையில் ஓடும் தண்டவாளம், நாலு காலையும் கட்டித் தூக்கும் ஹாயிஸ்ட். மேசையின்மேல் தடித்த பஞ்சு மெத்தை இல்லாவிட்டால் குதிரையின் எடையாலேயே அடிப்பக்கத் தசைகளுக்கு இரத்தம் போகாமல் அவை பழுதாகிவிடும். அறுவை நன்றாக முடிந்தும் குதிரை சாவது தெளியும்போதுதான். இரையாக வாழ்ந்த விலங்கு அது. கண் திறந்ததும் எழுந்து ஓடப் பார்க்கும், கால் அதற்கு இன்னும் கட்டுப்படாது, விழுந்து முறித்துக்கொள்ளும். மயக்கத்தால் மனிதர் இறப்பது பல்லாயிரத்தில் ஒன்று என்றால், குதிரையில் நூறில் ஒன்று. அதனால் சுவர் முழுக்க மெத்தை வைத்து, வெளிச்சம் குறைத்து, தலையிலும் வாலிலும் கயிறு போட்டு வெளியிலிருந்து தாங்கிப்பிடிக்கும் ஒரு தெளிவு அறை வேண்டும். ஒரு போலீஸ் குதிரைக்கோ ஊட்டியில் சவாரி விடும் மட்டக்குதிரைக்கோ இந்த வசதி எத்தனை இடத்தில் கிடைக்கும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாய், பூனைக்கு ஐசோஃப்ளூரேன் வாயுவும் ஆக்சிஜனும் தரும் இயந்திரம் இப்போது பரவலாக இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது, விடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் காப்னோகிராஃப் இருக்கிறதா, மயக்கத்தைக் கவனிக்க அறுவை செய்பவர் தவிர இன்னோர் ஆள் இருக்கிறாரா என்பதை. கிரேஹவுண்ட் மாதிரி மெலிந்த வேட்டை நாய்கள் தயோபென்டோன் மயக்கத்திலிருந்து தெளிய நெடுநேரம் பிடிக்கும்; நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடல்வாகு என்பதால் நாங்கள் அந்த மருந்தைத் தவிர்க்கிறோம். பூனை, முயல் போன்ற சிறிய உடம்பு மேசையிலேயே குளிர்ந்துபோகும். வெந்நீர்ப் பையை வைத்துச் சுட்டுவிடாமல், சூடான காற்று ஊதும் போர்வை வேண்டும். தெளிந்து தலை தூக்கும்வரை பக்கத்தில் ஆள் வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் கூண்டைத் தேடுங்கள். மூச்சுத் திணறும் பூனையைப் பிடித்து ஊசி குத்தி எக்ஸ்ரே மேசையில் படுக்க வைத்தால், அந்தப் போராட்டத்திலேயே அது போய்விடும். முதலில் கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டு, ஆக்சிஜன் திறந்து, யாரும் தொடாமல் விட்டுவிட வேண்டும். பறவையைப் பிடிப்பதிலும் ஓர் எச்சரிக்கை. அதற்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது; அன்பாக நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடும். டிரிப்ஸ் ஏற்றுவதற்குச் சொட்டை எண்ணி இறக்கும் பம்பு அவசியம். நாலு கிலோ பூனையின் உடம்பில் மொத்த இரத்தமே கால் லிட்டர்தான். மனிதனுக்கு விடுவதுபோல் பாட்டிலைத் திறந்துவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். இரத்தம் ஏற்றுவதற்கும் வகை பார்க்க வேண்டும். நாய்க்கு முதல் தடவை பெரும்பாலும் பிரச்சினை வராது. பூனைக்கு அந்தச் சலுகை இல்லை. பி வகைப் பூனைக்கு ஏ வகை சில மில்லி ஏறினாலே உயிருக்கு ஆபத்து. சென்னைக் கல்லூரியில் விலங்குகளுக்கு இரத்த வங்கி இருக்கிறது. ஆரோக்கியமான பெரிய நாய் வளர்ப்பவர்கள் அதைப் பற்றி விசாரித்து வையுங்கள்.

மருந்தகத்தில் எது இருக்கிறது என்பதைப் போலவே எது இல்லை என்பதும் முக்கியம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிட்டு ஓடிவருபவர்கள் ஆண்டு தவறாமல் உண்டு. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் நொதி போதாது, ஒரு மாத்திரை போதும் கொல்ல. டைக்ளோஃபினாக் மாட்டுக்கு நல்ல வலி மருந்துதான். ஆனால் அது போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. காரணம் 2004இல் தெரியவந்தது, 2006இல் இந்தியாவில் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகளின் உயிர், அந்தப் பக்கத்து மருந்தகங்களின் அலமாரியில் மெலாக்சிகாம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

தொற்றுநோய்ப் பிரிவுக்குத் தனி வாசல், தனி ஆள், தனித் துடைப்பம் வேண்டும். பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண பினாயிலுக்கு மசியாது, ஹைப்போகுளோரைட் வேண்டும். வெறிநோய் சந்தேகமுள்ள நாய்க்கு, ஆள் உள்ளே போகாமல் கதவை மேலிருந்து இழுத்து மூடும் கூண்டு. அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரும், கூட்டுகிறவர் உட்பட, முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மாட்டுக்காரர்களுக்கு ஒன்று: எச்சில் ஒழுக, அடித்தொண்டையில் கத்திக்கொண்டு, விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டின் வாயில் 'ஏதோ சிக்கியிருக்கு' என்று கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம்.

மருத்துவமனைக்கு வர முடியாத நோயாளிதான் எங்களுக்கு அதிகம். கன்று போட்ட மறுநாள் பால் ஜுரத்தில் தலையை விலாவில் மடித்துக் கிடக்கும் பசுவை வண்டியில் ஏற்றுவது எப்படி? 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்திதான் அதற்கு மருத்துவமனை. கால்சியம் பாட்டிலை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஸ்டெதஸ்கோப்பை இதயத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே மெல்ல இறக்கினால், பாட்டில் முடிவதற்குள் ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்து நிற்கும். எங்கள் தொழிலில் இதைவிடச் சந்தோஷமான காட்சி எனக்குத் தெரியாது. அவசரப்பட்டு இறக்கினால் அதே பாட்டில் இதயத்தை நிறுத்தும்.

கடைசிக் கட்டடம் போஸ்ட்மார்ட்டம் கூடம். எல்லோரும் முகம் திருப்பிக்கொண்டு போகும் இடம். நாமக்கல் பக்கத்தில் மட்டும் அப்படியில்லை. செத்த கோழியைச் சாக்கில் போட்டுக்கொண்டு பண்ணைக்காரர் நேரே அங்கேதான் வருவார். அந்தக் கோழியைக் காப்பாற்ற வரவில்லை. மிச்சமுள்ள பத்தாயிரத்தைக் காப்பாற்ற வருகிறார். சரிவுள்ள எஃகு மேசை, தனி வடிகால், நல்ல வெளிச்சம், எரிக்கும் உலை, இவ்வளவே தேவை. யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியாகப் பலர் அறிவீர்கள். காட்டில் செத்த யானைக்கும் போஸ்ட்மார்ட்டம் செய்தாக வேண்டும் என்று வற்புறுத்தி, இந்த வசதி எதுவும் இல்லாமல் தானே செய்தவர் அவர். செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடியும் மாட்டை அறுக்கவே கூடாது. அது அடைப்பான். காதின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு வித்துகளாகி அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

ஒரு கால்நடைப் பன்முக மருத்துவமனைக்கு அடுத்த ஆண்டு நிதி வந்தால் எதை வாங்கலாம் என்று அமைப்பாளர்கள் முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். என் வரிசை இது. தரை, இறக்கும் மேடை, எடைமேடை. பிறகு ஜெனரேட்டர், ஏனென்றால் அறுவை நடுவே மின்சாரம் போனால் மற்றது எல்லாம் இரும்பு. அதன்பின் மயக்க இயந்திரமும் கண்காணிப்புக் கருவியும், இன வாரி அமைப்புள்ள இரத்த எண்ணி, டிஜிட்டல் எக்ஸ்ரே, இரண்டு அல்ட்ராசவுண்டு. ஒன்று வண்டியில் போக. சி.டி. மண்டலத்துக்கு ஒன்று போதும். திறப்பு விழாவுக்குப் பிறகு துணி போர்த்தி நிற்கும் இயந்திரங்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். இயக்க ஆள் நியமனம் ஆகியிருக்காது, பழுது பார்க்க ஒப்பந்தம் முடிந்திருக்கும். ஆகவே கையெழுத்துப் போடும் இடத்தில் நான் இருந்தால், ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தமும் தொழில்நுட்பருக்கான பணியிடமும் சேர்ந்து வராத கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. பூனை வளர்ப்பவர்கள் அப்போதே கையைத் தூக்கிவிட்டார்கள், அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.